தென்மாவட்ட இயல்பு

இடது மார்பின் மேல் வலது கையை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் எழுதத் தொடங்குகிறேன். கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கையை எடுக்க மனம் வராமல் முதல் மூன்று வரிகளை இடது கையால் எழுதினேன். கோணலாக இருந்தால் அச்சகத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் பூனையைச் சாட்சிக்கு உட்கார வைத்திருந்தேன். அது பாதியில் எழுந்து போய்விட்டது. அதற்கு வேறு வேலை இருந்திருக்கும்.

என் பெயர் வேலாண்டி. வயது எழுபத்து நாலு. கோவில்பட்டிக்குத் தெற்கே, பெயரைச் சொன்னால் வழக்குப் போடக்கூடிய ஓர் ஊரின் அரசு மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் ஈசிஜி எடுத்தேன். மாவட்டத்திலேயே அதிக ஈசிஜி எடுத்தவர் என்று எனக்கு ஒரு கேடயம் உண்டு. அது பின்னால் வரும்.

நான் ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து எங்கள் மருத்துவமனைக்கு ‘லயம்’ வந்தது. நர்சுகளுக்கு இதயத் துடிப்பைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் மென்பொருள். ஓர் அறை அளவுக்குத் திரை. அதில் மாடக்கண்ணு என்று ஒரு நோயாளி படுத்திருப்பார்; வயது ஐம்பத்தெட்டு, லாரி கிளீனர். அவர் தலைக்கு மேல் துடிப்பின் கோடு ஓடும். கோட்டைப் பார்த்து என்ன கோளாறு என்று சொல்ல வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் மாடக்கண்ணு இறந்துவிடுவார். ஐந்து நிமிடத்தில் வேறொரு கோளாறோடு எழுந்து, “டீ கெடைக்குமா தாயி?” என்பார். ஒரே நாளில் நாற்பது தடவை இறந்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. விடுதிச் சமையல்காரர் மனம் கேட்காமல் ஒருநாள் திரைக்கு முன்னால் ஒரு டம்ளர் டீ வைத்தார். மறுநாள் டம்ளர் காலியாக இருந்தது. இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனபோது அந்த டம்ளரை என் கண்ணால் பார்த்தேன்.

லயத்தின் தேர்வில் தேறினால்தான் இதய வார்டில் வேலை. மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் வார்டை விட்டு வெளியே. முதல் கேள்வி கட்டாயம்: ஓடும் ஐந்து கோடுகளில் இயல்பான துடிப்பு எது? இயல்பைத் தெரியாதவர் மீதியை எழுதத் தேவையில்லை என்பது விதி.

இந்த முதல் கேள்வியில்தான் தெபோராள் சிஸ்டர் இரண்டு முறை தோற்றார்.

அவர் அதே வார்டில் இருபத்து மூன்று வருடம் இருந்தவர். நோயாளியின் செருப்புச் சத்தத்தை வைத்தே துடிப்பைச் சொல்லுவார் என்று பேச்சு. ஒரு மத்தியானம், நான் ஸ்டூலில் ஏறி நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார்.

“ஸ்டூல விட்டு எறங்குங்க அண்ணாச்சி. உங்கக்கூட பேசணும்.”

“பேசுங்க சிஸ்டர். காது கீழதான் இருக்கு.”

“எறங்குங்கன்னு சொல்லுதேன்லா.”

இறங்கினேன். தலை லேசாகச் சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார். கைப்பையிலிருந்து வேதாகமத்தை எடுத்தார். அதற்குள்ளிருந்து ஒரு சாண் நீளத் தாளை எடுத்து மேசையில் விரித்தார். ஈசிஜி துண்டு. ஓரத்தில் என் சுருக்கக் கையெழுத்து. மேலே ‘ஞானப்பூ, 41, பெண், இயல்பு’.

“எங்கம்மா,” என்றார். “தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குனவ. முப்பது வருசம் முந்தி நீங்க இலவச மருத்துவ கேம்ப்ல எடுத்தது. ஞாபகம் இருக்கா?”

“எத்தனையோ பேர் சிஸ்டர்.”

“ரெண்டு வருசம் கழிச்சு, குச்சி அடுக்கிட்டு இருக்கும்போதே அப்படியே சாஞ்சுட்டா. எனக்குப் பதினேழு வயசு. இந்தத் தாளு மங்குற தாளுல்லா. மங்க மங்க நான் மேல மை ஓட்டி வரைஞ்சு வச்சிருக்கேன். இதப் படிக்கதுக்காகத்தான் நர்சுக்கே போனேன். பாருங்க.”

விரலை வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு துடிப்பு. ஏழாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு மேடு மட்டும். அப்புறம் வெற்றிடம். மறுபடி ஆறு.

“இதயத்துல மேல் அறை துடின்னு உத்தரவு போடுது. கீழ் அறைக்கு அது வந்து சேரல. நம்ம ஆபீசு மாதிரி. முதல்ல ஏழுல ஒண்ணு தவறும். நாளாக நாளாக நாலுல ஒண்ணு, மூணுல ஒண்ணு. ஒருநாள் எந்த உத்தரவும் வராது. அன்னைக்கு ஆளு இல்ல. எங்கம்மா அப்படித்தான் போனா. இத லயத்துல இயல்புன்னு காட்டுதானுவ.”

“எதை?”

“இதேதான். இந்தத் தாளத் திரைமேல வச்சுப் பார்த்தேன். கொம்புக்குக் கொம்பு ஒட்டுது. நான் இயல்பில்லன்னு எழுதுதேன். அது தப்புங்குது.”

“டாக்டர்கள் ஒண்ணும் சொல்லலையா?”

“சிதம்பரதாணு டாக்டர் கட்டுரையே எழுதிட்டாரு. ‘தென்மாவட்ட இயல்பு’ன்னு பேரு. நம்ம பக்கத்து மக்களுக்கு ஏழாவது துடிப்புல இதயம் ஓய்வு எடுக்குமாம். காரச்சேவு சாப்புடுததுனாலயா, கரிசக்காட்டு வெயில்னாலயான்னு இனிமேத்தான் கண்டுபிடிக்கணுமாம். வெளிநாட்டுல போய் வாசிச்சு, கை தட்டு வாங்கிட்டு வந்துட்டாரு. இப்ப வார்டு மிஷினுலயும் அதையே ஏத்தியாச்சு. துடிப்பு நின்னாலும் ஓய்வுன்னு போட்டுட்டு மணியடிக்காம இருக்கு. போன மாசம் ரெண்டு பேர இயல்புன்னு வீட்டுக்கு அனுப்புனாங்க. ஒருத்தர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் போனாரு.”

செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

“நாளைக்கு மூணாவது தேர்வு,” என்றார். “ஒரு விதி இருக்கு. கேள்வியே தப்புன்னா, அந்தத் துடிப்பால பாதிக்கப்பட்ட நோயாளியோட பதிவக் காட்டி ஆட்சேபிக்கலாம். பதிவு எடுத்தவர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். நீங்க எடுத்தது, எங்கம்மா இதயம்னு ஒரு வரி. அவ்வளவுதான்.”

வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் முன் வைத்தார்.

எழுதிக் கொடுத்திருக்கலாம். எழுதினால் அவர் ஜெயிப்பார், மிஷின் திருந்தும், என் கேடயம் அலமாரியிலேயே இருக்கும். பேனாவைத் திறந்து ‘வேலாண்டி ஆகிய நான்’ வரைக்கும் எழுதியும்விட்டேன்.

“அம்மா போட்டோ வீட்டுல மாட்டிருக்கு,” என்றார் அவர், என் கையைப் பார்த்துக்கொண்டே. “ஆனா போட்டோ துடிக்காதுல்லா. இதுதான் துடிச்சுது.”

பேனாவை மூடினேன்.

“சிஸ்டர், இது உங்கம்மா இல்ல.”

“என்னது?”

“நான்தான்.”

சொல்லத் தொடங்கினேன். கேம்ப் நடந்தது பள்ளிக்கூடத்து வகுப்பறையில். ஜன்னலுக்குக் கதவு கிடையாது. மறைப்புக்கு ஒரு வேட்டி, அதுவும் என்னுடையது. ஒரு நாளைக்கு நூற்றிருபது என்று மேலிடத்து இலக்கு. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஆம்பிளை முன்னால் ரவிக்கையை அவிழ்ப்பதா என்று ஒருவர்கூட உள்ளே வரவில்லை. பெயரும் வயதும் சொன்னார்கள், பன்னும் பழமும் வாங்கினார்கள், பரிசோதனை அட்டைக்குக் காத்து நின்றார்கள். ஆஸ்பத்திரியில் பெண் டெக்னீஷியன் கிடையாது. நான் யாரையும் வற்புறுத்தவில்லை. அதை அப்போது பண்பு என்று நினைத்தேன். வேட்டிக்குப் பின்னால் போய்ச் சட்டையைக் கழற்றிப் படுத்து, வயர்களை என் மார்பில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு துண்டு ஓட்டினேன். ஏழாவது விடுபடுவது எனக்குத் தெரியும். டீயைக் குறைத்தால் சரியாகும் என்று இருந்தேன்.

“எத்தன பேருக்கு?”

“மூவாயிரத்து நூத்திப் பன்னிரண்டு.”

தெபோராள் சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை நின்றுகொண்டேதான் பேசியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“கேம்ப் பதிவெல்லாம் ஸ்கேன் பண்ணி லயத்துக்குக் குடுத்தாங்க,” என்றார் மெதுவாக. “நாப்பதாயிரம் பதிவு. நோயாளி அசைஞ்சா கோடு நடுங்கும், இருமினா ஆடும். அதனால சுத்தமான பதிவாப் பாத்து அதுவே பொறுக்கி எடுத்துச்சாம்.”

“நான் அசையவே மாட்டேன் சிஸ்டர். அதுல நல்ல பேரு எனக்கு.”

“அப்போ அது பொறுக்குனது பூராவும்...”

“நான்தான்.”

அவர் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

“அப்ப எங்கம்மா இதயம் எப்படி இருந்துச்சு?”

“தெரியாது. யாருக்கும் தெரியாது.”

அழுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டுவார் என்றும் எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் இருந்தேன். அவர் தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார்.

“தலை சுத்துமா உங்களுக்கு?”

“எந்திரிச்சா சுத்தும். வயசுல்லா.”

“விழுந்திருக்கீங்களா?”

“இந்த வருசம் நாலு தரம். செருப்பு சரியில்ல.”

“சட்டையக் கழத்துங்க.”

“எதுக்கு?”

“மூவாயிரம் பேருக்காகக் கழத்துனீங்கல்லா. இன்னொரு தரம் கழத்துங்க.”

பையில் கையடக்க மிஷின் வைத்திருந்தார். கட்டிலில் படுத்தேன். வயர்களை மாட்டினார். முதல் கோடு தலைகீழாக வந்தது.

“வலது எடது மாத்திட்டேனோ?” என்று சரிபார்த்தார். வயர்கள் மாறியிருக்கவில்லை.

“மாத்திப் போடுங்க, சரியா வரும். என் ஒடம்புக்கு அப்படித்தான்.”

“பழைய மிஷினு,” என்று முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். கோடு நிமிர்ந்து ஓடியது. அவர் எண்ணினார். ஒன்று, இரண்டு. வெற்றிடம். ஒன்று, இரண்டு. வெற்றிடம்.

“மூணுல ஒண்ணு,” என்றார். “அண்ணாச்சி, உங்களுக்கு இன்னைக்கே பேஸ்மேக்கர் வைக்கணும். கெளம்புங்க.”

“அந்த வார்டுல மிஷின் என்ன சொல்லும்?”

எங்கள் மிஷின் என்னை இயல்பு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பும். அது என்னை வைத்துத்தான் இயல்பையே கற்றது.

“அப்ப நாளைக்கு நானும் தேர்வுக்கு வாரேன்,” என்றேன். “பதிவு போனா என்ன. ஆள் இருக்கேன்லா. வேற ஊரு ஆஸ்பத்திரிக்கு அப்பறம் போவோம்.”

“வழியில ஏதாவது ஆச்சுன்னா?”

“ஆட்டோவுல படுத்துக்கிடுதேன். அசையாமப் படுக்கதுலதான் எனக்கு நல்ல பேரு.”

அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போகவில்லை. என் முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விடியும்வரை என் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்த பிடியில் பாசம் எதுவும் இல்லை. சாட்சி தப்பித்துவிடக் கூடாது என்கிற பிடி.

காலை பத்து மணிக்குத் தேர்வு அறை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: டாக்டர் சிதம்பரதாணு, நர்சிங் சூப்பரின்டென்ட், மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்த ஒரு பெண். திரையில் மாடக்கண்ணு. நான் கேடயத்தை மேசைமேல் வைத்தேன்.

“என்ன இது?” என்றார் டாக்டர்.

“திருப்பிக் குடுக்க வந்திருக்கேன் சார்.”

நடந்ததை நடந்தபடி சொன்னேன். கம்பெனிப் பெண் நடுவிலேயே கணினியைத் திறந்து தட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

“மூவாயிரத்துச் சொச்சம் பதிவும் ஒரே ஆள்னு காட்டுது சார்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்போ என் கட்டுரையில வர்ற மக்கள்தொகை?”

“அதுவும் நான்தான் சார்.”

ஆனால் அவர் லேசுப்பட்டவர் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “சரி. ஒரே ஆள்னே வச்சுக்குவோம். இவருக்கு எழுபத்து நாலு வயசு. முப்பது வருஷமா இதே துடிப்பு. நடந்து வர்றார், கேடயம் தூக்குறார். இதைவிட இயல்புக்கு என்ன அத்தாட்சி வேணும்? சிஸ்டர், நீங்க கொண்டுவந்த சாட்சி எனக்குச் சாட்சியாப் போச்சு. முதல் கேள்விக்குப் பதிலை எழுதுங்க. இயல்புன்னு எழுதினா இப்பவே தேறிடலாம்.”

“எழுத மாட்டேன் சார்.”

“வார்டை விட்டுப் போயிடுவீங்க.”

“தெரியும் சார். அதுக்கு முந்தி இவர ஒருதரம் மிஷின்ல மாட்டிப் பாருங்க. விதியில இருக்கு.”

என்னை மாட்டினார்கள். தெபோராள் சிஸ்டரே வயர்களை மாற்றிப் போட்டார். திரையில் மாடக்கண்ணு மறைந்து என் கோடு ஓடியது. கீழே பச்சை எழுத்தில் ‘இயல்பு’ என்று வந்தது. டாக்டர் கையை விரித்துக் காட்டினார்.

எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. எழுந்து உட்கார்ந்தேன். இதற்கு மேல் நடந்ததை நான் பார்க்கவில்லை. நர்சிங் சூப்பரின்டென்ட் சொல்லிக் கேட்டது. ஆனால் என் சத்தியம் இதற்கும் சேர்த்துத்தான்.

கோட்டில் சிறு மேடுகள் மட்டும் வந்தன. துடிப்பு வரவில்லை. நான் பக்கவாட்டில் சாய்ந்தேன். திரையில் பச்சை எழுத்து மாறி ‘ஓய்வு’ என்று வந்தது. மணி அடிக்கவில்லை.

“வயர் கழண்டிருக்கும்,” என்றார் கம்பெனிப் பெண்.

டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு விநாடி, ஐந்து விநாடி. திரை ஓய்வு என்றால் ஓய்வுதான் என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர். தெபோராள் சிஸ்டர் திரைப் பக்கமே திரும்பவில்லை. என் கழுத்தில் இரண்டு விரல் வைத்தார். உடனே கட்டில்மேல் ஏறி முட்டி போட்டு, என் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்தத் தொடங்கினார்.

“சிஸ்டர், மிஷின் இயல்பு...” என்று டாக்டர் ஏதோ ஆரம்பித்தாராம்.

“மிஷினுக்கு இயல்பு சார். இவருக்கு இல்ல,” என்றாராம், அழுத்துவதை விடாமல். “நெஞ்சுல ஒட்டித் துடிக்க வைக்குத அந்த பேஸிங் பேடு எடுத்துட்டு வாங்க. ஓடுங்க.”

டாக்டர் ஓடினார். அவர் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை என்று சூப்பரின்டென்ட் சொன்னார்.

நான் கண் விழித்தபோது இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது. ஒன்றை அவர் என் உயிருக்காக முறித்தார், மற்றதை அவர் அம்மாவுக்காக முறித்தார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. சாயங்காலம் பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

தேர்வுத் தாளில் அவர் முதல் கேள்விக்கு ‘ஐந்தில் எதுவும் இயல்பு இல்லை’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். லயம் அதற்குத் தோல்வி போட்டது. அதனிடம் இருந்த விடை இன்னும் நான்தான். டாக்டர் சிதம்பரதாணு அதை அடித்துவிட்டுப் பேனாவால் ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அன்றே வார்டு மிஷின்களை நிறுத்தச் சொல்லி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக் கடிதம் அனுப்பினார். அவர் எழுதியதிலேயே சிறந்தது அந்தக் கடிதம்தான் என்று அதைத் தட்டச்சு செய்தவர் சொன்னார்.

பிறகு அந்த மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேரின் பட்டியலை எடுத்துக்கொண்டு தெபோராள் சிஸ்டர் தெருத் தெருவாகப் போனார். உயிரோடிருந்தவர்கள் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் பேர். எல்லோருக்கும் ஐம்பது தாண்டியிருந்தது. கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறை, பெண் டெக்னீஷியன், புதுப் போர்வை. முதல் நாள் ஒரு மூதாட்டி படுத்துக்கொண்டே, “முப்பது வருசம் முந்தி ஒருத்தன் பன்னு குடுத்தானே, நீங்க குடுக்கலையா?” என்று கேட்டாளாம். மறுநாளிலிருந்து பன்னும் கொடுத்தார்கள். அறுபத்தொரு பேருக்குக் கோளாறு இருந்தது, நேரத்தோடு கண்டுபிடித்தார்கள். லயம் இப்போது அந்தப் பெண்களிடமிருந்து இயல்பைக் கற்றுக்கொள்கிறது. கோடு கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. அவர்கள் படுத்தபடியே பேசுகிறார்கள்.

விலா ஆறிய பிறகு ஒருநாள் தெபோராள் சிஸ்டர் வந்தார். வேதாகமத்திலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார்.

“உங்களோடது. வச்சுக்கிடுங்க.”

“மை உங்களோடதுல்லா.”

“அது சரி. எனக்கு வேண்டாம். எங்கம்மா எப்படித் துடிச்சான்னு தெரியலங்கதத் தெரிஞ்சுக்கிட்டேன். அது போதும்.” வாசலில் நின்று திரும்பினார். “ஸ்டூல்ல ஏறாதீங்க.”

அந்தத் தாள் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. நம்பாதவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். மங்கியிருந்தால் நான் பொறுப்பில்லை. தொடக்கத்தில் நான் கைவைத்துச் சத்தியம் செய்த இடத்தைப் பற்றி மட்டும் ஒரு தகவல் பாக்கி: எனக்குப் பிறவியிலிருந்தே இதயம் இருப்பது வலது பக்கம்.